தென்னையின் கீழ் வாழ்வோருக்கு: விழுங்காயின் அபாயமும் காப்பு முறைகளும்

முன்னுரை

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. காகம் வந்திருந்தமையாற் பழம் விழவில்லை. விழும் பருவம் எய்தியிருந்தமையாலேயே விழுந்தது என்பது அதன் கருத்து. ஆனால் தென்னையின் கீழ் நின்ற ஒருவர்மீது தேங்காய் விழுந்தால் நாம் இப்பழமொழியை மறந்து விடுகின்றோம். "அவருக்குக் கெட்ட காலம்" என்கின்றோம்; "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனார்?" என்று கேட்கின்றோம். அவர் போனமையால் அக்காய் விழவில்லை. முற்றிப் பல கிழமைகள் சென்றும் பிடுங்கப்படாது மரத்திலே கிடந்தமையால் விழுந்தது. அங்கே நின்றவர் பழமொழியிற் கூறப்பட்ட காகத்தைப் போன்றவர். விழுகைக்குக் காரணம் அவரல்லர்.

நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளருமாகிய உங்களுக்கு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெருந்தோட்டங்களில் தென்னை ஒரு பயிர். அங்கே குறித்த காலத்திற் காய் பிடுங்கப்படும்; மரத்தடியிற் குடியிருப்போரும் சிலரே. உங்களுக்கோ தென்னை வளவு மரம். நெல்லும் கத்தரியும் மிளகாயும் உங்கள் கவனம் முழுவதையும் பெற்றுக்கொள்ள, வளவிலுள்ள பத்துத் தென்னைகளும் தாமே காய்த்துத் தாமே உதிர்க்கின்றன. குடும்பம் முழுவதும் அவற்றின் கீழேயே உண்டு, உறங்கி, தொழில் செய்து வாழ்கின்றது. தேங்காய் ஏன் விழுகின்றது, எப்பொழுது விழும் என்பதை எவ்வாறு அறியலாம், மரத்தை இழக்காமலே அபாயத்தை எவ்வாறு நீக்கலாம் என்பவற்றை இங்கு விளக்குவோம்.

எமது பகுதியின் நிலை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை மணற்பாங்கான நிலமாகும். கல்லடி தொடக்கம் ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி வரை தென்னையும் வீடும் நெருங்கி நிற்பதைக் காணலாம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல்கள் பரந்திருப்பினும், அங்கும் மேட்டுநிலக் குடியிருப்புகளில் தென்னையில்லாத வளவு அரிது. இப்பகுதியில் விழுங்காயின் அபாயம் முன்னையிலும் இன்று மிகுந்துள்ளது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, மரங்களின் உயரம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியினால் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னைகளிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாகக் கணக்கிடப்பட்டது. அதன் பின்னர் நடப்பட்ட கன்றுகள் இன்று நாற்பது வயதைக் கடந்து விட்டன. ஒரு காலத்தில் நிலத்தில் நின்றபடியே காய் பிடுங்கத்தக்கனவாய் இருந்த அம்மரங்களிற் பல இப்பொழுது ஐம்பது, அறுபது அடி உயர்ந்துள்ளன. மரம் வளர்ந்துவிட்டது, நம் பழக்கம் வளரவில்லை. மரம் குட்டையாய் நின்ற நாளில் அதன் கீழே கட்டிய மாட்டுக் கொட்டிலும், போட்ட வாங்கும் இன்றும் அதே இடத்திலேயே உள்ளன.

இரண்டாவது, வளவுகளின் பிரிவு. பெண்மக்களுக்கு வளவைப் பிரித்து வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பது எம் பகுதியின் வழக்கம். முன்பு இருபது தென்னைகளுக்கு நடுவே ஒரு வீடு நின்ற இடத்தில் இன்று மூன்று வீடுகள் நிற்கின்றன. தென்னை வீட்டைத் தேடி வரவில்லை. வீடே தென்னையைத் தேடிப் போயிற்று. மேலும், கிடுகுக் கூரை விழுந்த காயைத் தாங்கி உருட்டிவிடும். ஓடும் சீற்றும் அவ்வாறு தாங்கா; உடைந்து காயோடு தாமும் உள்ளே விழும்.

மூன்றாவது, மரம் ஏறுவோர் குறைந்தமை. ஏறுகூலியை மிச்சப்படுத்தும் பொருட்டு, "காய் தானாக விழட்டும், பொறுக்கிக் கொள்வோம்" என்று விட்டுவிடுவோர் பலர். இந்த மிச்சமே பெரும்பாலான விபத்துகளுக்கு மூலகாரணம் என்பதை இனி வருவனவற்றால் அறிவீர்கள்.

தேங்காய் ஏன் விழுகின்றது?

நன்கு வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை விடும். பூ காயாகி முற்றுவதற்குப் பதினொரு மாதம் தொடக்கம் பன்னிரண்டு மாதம் வரை செல்லும். ஆகவே எந்த நாளிற் பார்த்தாலும் மரத்தின் முடியில் பூம்பாளை தொடக்கம் முற்றிய குலை வரை பல பருவத்துக் குலைகள் இருக்கும். மேலே இருப்பவை இளங்குலைகள். கீழே தொங்குபவை முற்றியவை. கீழ்க்குலையின் காய்கள் பச்சை நிறம் மாறிக் கபிலநிறம் அடையத் தொடங்கினால் அவை பிடுங்கத் தக்கன. அதன் பின்னரும் விட்டால், காயைக் குலையோடு இணைக்கும் பகுதி காய்ந்து பிடி தளரும். அந்நிலையிற் காற்று வேண்டியதில்லை; அசைவற்ற நடுநிசியிலும் காய் தானே கழன்று விழும்.

முற்றிய காயைத் தவிர வேறு காரணங்களாலும் காய் விழுவதுண்டு.

காற்று: ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும், மாரிகாலத்து வாடையும் மரமுடியை உலுப்பி, தளர்ந்த காயை உதிர்க்கும். மாரியில் ஓலையும் மட்டையும் நீரேறிப் பாரமாவதால் மட்டைகளும் சேர்ந்து விழும்.

எலியும் பிற பிராணிகளும்: மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் காய்களை எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கத்தில் வட்டமான துளை இருப்பின் அது எலியின் வேலை. எலி கடித்த இளங்காய் நீர் நிறைந்ததாதலின் முற்றிய காயிலும் பாரமாயிருத்தல் கூடும். குரங்கு வரும் ஊர்களில் அதுவும் காய்களைப் பறித்து எறியும்.

மட்டையின் தளர்ச்சி: தென்னங்குலை அந்தரத்தில் தொங்குவதன்று. அதன் கீழுள்ள மட்டையின் அடிப்பாகமே அதற்கு இருக்கை. அம்மட்டை வரட்சியாலோ போசணைக் குறைவாலோ காலத்துக்கு முன் சாய்ந்தால், குலையும் சாய்ந்து காம்பு முறியும். வேலிக்கும் கிடுகுக்குமெனப் பச்சை மட்டைகளை வெட்டும்போதும் இதுவே நிகழ்கின்றது. குலை தாங்கும் பச்சை மட்டையை ஒருபோதும் வெட்டலாகாது.

குரும்பை உதிர்வது வேறு. அது விளைச்சலுக்கு நட்டமேயன்றி உயிருக்கு அபாயமன்று. ஆயினும் குரும்பை மிகுதியாக உதிரும் மரம் நலமற்றது என்பதை உணர்ந்து கவனித்தல் நன்று.

விழுங்காயின் வேகம்

மட்டையோடு கூடிய முற்றிய தேங்காய் ஒன்றின் நிறை 1 கிலோ தொடக்கம் 2 கிலோ வரை இருக்கும். கையில் எடுக்கும்போது இது பெரும் பாரமன்று. ஆனால் உயரமே அதற்கு வேகத்தைக் கொடுக்கின்றது. 30 அடி உயரத்திலிருந்து விழுங்காய் நிலத்தை அடையும்போது மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீற்றர் வேகம் கொண்டிருக்கும். 60 அடியிலிருந்து விழுவது ஏறக்குறைய 68 கிலோமீற்றர் வேகம் கொள்ளும். அது கீழே வர இரண்டு விநாடிகூட ஆகாது. சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் காய் வந்துவிடும். நிமிர்ந்து பார்ப்பதோ உச்சியில் விழவேண்டியதை முகத்தில் ஏற்பதாகும்.

இன்னொரு வகையாற் கூறின், 1½ கிலோ நிறையுள்ள காய் 60 அடியிலிருந்து விழுவது, 25 கிலோ அரிசி மூடையை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒருவர் தலைமேல் விடுவதற்கு ஒப்பாகும். அரிசி மூடையாவது மெத்தென்று பரந்து விழும். தேங்காயோ உள்ளங்கையளவான ஓரிடத்திலே தன் விசை முழுவதையும் செலுத்தும். மண்டையோடு பிளத்தல், கழுத்தெலும்பு முறிதல், தோள் நொறுங்குதல் ஆகியவை இதனால் நேர்கின்றன.

மட்டையும் இலேசானதன்று. பச்சை மட்டை ஒன்று 10 கிலோவுக்கு மேலும் இருத்தல் கூடும். காய்ந்தது நிறையிற் குறைந்ததாயினும் அதன் அடிப்பாகம் அகன்று, ஓரம் கூர்மையாய் இருக்கும்.

தேங்காய்க்குக் கண் உண்டா?

"தேங்காய்க்கு மூன்று கண் உண்டு, அது ஆளைப் பார்த்தே விழும், மனிதர் தலையில் விழாது" என்று நம் முதியோர் கூறுவர். எமது சுற்றிலே, உரமிடுதலைப் பற்றி நான் பேசும் வளவுகளில், இவ்வுரையைக் கேளாத கிழமை இல்லை. முதியோர் சொல்லை நான் இகழேன். எனினும் அம்மூன்று கண்களின் தொழிலை அறிதல் வேண்டும். அவை சிரட்டையிலுள்ள துளைகள். அவற்றுள் மென்மையான ஒன்றன் வழியாகவே முளை வெளிவருகின்றது. அவை முளைப்பதற்கு உதவுவன. பார்ப்பதற்கு உதவுவன அல்ல.

அவ்வாறாயின் இந்நம்பிக்கை எவ்வாறு நிலைத்தது? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஒரு மரம் ஆண்டுக்கு 60 காய் காய்க்கின்றது. ஒன்றும் பிடுங்கப்படாமல் எல்லாம் தாமே விழுகின்றன. இரவும் பகலும் ஒரே அளவாக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அம்மரத்தின் கீழே நாள்தோறும் ஒரு மணி நேரம் இருப்பவர், நாளின் இருபத்துநான்கில் ஒரு பங்கு நேரமே அங்கிருக்கின்றார். ஆகவே அவர் இருக்கும்போது விழக்கூடியவை ஆண்டுக்கு இரண்டு மூன்று காய்களே. அவையும் அவருக்கு ஓரடி அப்பாலோ இரண்டடி அப்பாலோ விழலாம். விலகி விழுந்தவற்றைக் கண்டு, "பார்த்தீரா, கண் உண்டு" என்கின்றோம். ஆனால் ஒரு வளவில் ஐந்து மரம், குடும்பத்தில் ஆறு பேர், அவர்கள் வாழ்வது பல்லாண்டு என்று பெருக்கிப் பார்த்தால், விலகாத காய் ஒன்று ஒரு நாள் விழும் என்பது விளங்கும். காய்களைக் காலத்திற் பிடுங்கிவிட்டால், தாமே விழுபவை 60 அல்ல. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. கணக்கு முற்றிலும் மாறிவிடும்.

என் அனுபவம் ஒன்றையும் கூறலாம். வளவொன்றில் தென்னைக்கு உரவட்டம் வெட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரும் நானும் மரத்தின் இரு பக்கங்களிலும் நின்றோம். எங்களுக்கு நடுவே சார்த்தியிருந்த என் துவிச்சக்கரவண்டியின் இருக்கையில் ஒரு காய் வந்து விழுந்தது. இருக்கையின் கம்பி வளைந்து போயிற்று. போதனை செய்யச் சென்ற நான் அன்று போதனை பெற்றுத் திரும்பினேன். அதன் பின்னர் மரத்தடியில் நின்று பேசுவதற்கு முன் மேலே பார்ப்பது என் வழக்கமாயிற்று.

பிறநாடுகளிற் கண்டது

பசுபிக் தீவுகளிலும் மக்கள் எம்மைப்போலத் தென்னைகளின் நடுவே வாழ்கின்றனர். பப்புவா நியூகினியின் மில்ன் பே மாகாணத்தில் பணியாற்றிய வைத்தியர் பீற்றர் பார்ஸ் என்பவர் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்காண்டுக் காலத்தில் காயங்களுக்காக அங்குள்ள வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 2.5 பங்கினர் தேங்காய் விழுந்து காயமுற்றவர்கள் என்று அவர் கண்டார். 2001ஆம் ஆண்டில் இவ்வாய்வுக்கு, முதலிற் சிரிப்பையும் பின்னர் சிந்தனையையும் தரும் ஆய்வுகளுக்கென வழங்கப்படும் "இக் நோபல்" பரிசு கிடைத்தது. தென்னையில்லாத நாட்டார் சிரிக்கலாம். அதன் கீழ் வாழும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

அதே 2001ஆம் ஆண்டில் சொலமன் தீவுகளின் தலைநகராகிய ஹொனியாரா வைத்தியசாலையின் ஆய்வொன்றும் வெளிவந்தது. தென்னையால் விளைந்த காயங்களை அது வகுத்துக் காட்டிற்று. தேங்காய் விழுந்து காயமுற்றவர்கள் 16 பேர். மரத்திலிருந்து தவறி விழுந்தவர்கள் 85 பேர். விழுங்காயிலும் ஐந்து மடங்கு அபாயம் ஏறுபவருக்கே உரியது என்பதை இது உணர்த்தும். ஆகவே "காய் விழுகின்றது, பையனை ஏற்றிப் பிடுங்குவோம்" என்று பழக்கமில்லாத பிள்ளைகளை மரத்தில் ஏற்றுவது, சிறிய அபாயத்தை நீக்கப் பெரிய அபாயத்தை அழைப்பதாகும்.

உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் 150 பேர் விழுங்காயால் இறக்கின்றனர் என்று ஒரு செய்தி அடிக்கடி வெளிவருகின்றது. பயணக் காப்புறுதி விற்கும் நிறுவனம் ஒன்றின் 2002ஆம் ஆண்டு அறிக்கையாற் பரவிய இவ்வெண்ணுக்கு முறையான கணக்கெடுப்பு எதுவும் ஆதாரமாக இல்லை. அதனை நம்பி அஞ்சவும் வேண்டாம். அது பொய்யென்று அறிந்து அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

2010ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா மும்பையிலுள்ள மணி பவன் காந்தி அருங்காட்சியகத்தைப் பார்வையிடச் சென்றார். அவர் வருகைக்கு முன்னர் அங்கு நின்ற தென்னைகளின் காய்கள் பறிக்கப்பட்டன. ஒரு நாட்டின் தலைவர் சிறிது நேரம் நடந்து செல்வதற்காகச் செய்ததனை, நாள் முழுவதும் மரத்தடியில் விளையாடும் நம் பிள்ளைகளுக்காக நாம் செய்யலாகாதா?

காப்பு முறைகள்

1. காலத்திற் பிடுங்குதல்

இதுவே தலையாய முறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஆறு முறை பிடுங்குதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் முற்றிய இரண்டு குலைகளை இறக்கினால், அடுத்த முறை வரை மரத்திலே தளர்ந்த காய் இராது. தை, பங்குனி, வைகாசி, ஆடி, புரட்டாசி, கார்த்திகை என்று மாதங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் மறதி நேராது.

இவற்றுள் இரண்டு பிடுங்கல்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. ஒன்று வைகாசிப் பிடுங்கல். அதனைத் தவறவிட்டால் தளர்ந்த காய்களோடு மரம் கச்சான் காற்றை எதிர்கொள்ளும். மற்றது புரட்டாசிப் பிடுங்கல். அது பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தி விதைக்கும் காலத்தோடு மோதும். வயல் வேலை மிகுதியால் அதனைத் தள்ளிப்போடுவது எங்கும் காணப்படும் தவறு. பின்னர் மாரி பிறந்துவிடும். ஈர மரத்தில் எவரும் ஏறார். முற்றிய குலைகள் தை வரை வீட்டின் மேலேயே தொங்கும். ஆகவே வயலில் இறங்குமுன் வளவின் காயை இறக்குங்கள். வீட்டுக்கும் வழிக்கும் மேலே சாய்ந்து நிற்கும் மரங்களில், புரட்டாசியில் மூன்றாவது குலையையும் சேர்த்து இறக்கிவிடலாம். அக்குலையின் தேங்காயிற் பருப்புச் சற்றுக் குறைவாயிருக்கும்; அச்சிறு நட்டம் மாரி முழுவதும் அச்சமின்றி உறங்குவதற்கு நாம் கொடுக்கும் விலை. கார்த்திகைப் பிடுங்கலை மழை ஓய்ந்து மரம் நன்கு காய்ந்த நாளிலேயே செய்தல் வேண்டும்.

ஒவ்வொரு பிடுங்கலிலும் காய்ந்த மட்டை, காய்ந்த பாளை, பன்னாடை ஆகியவற்றையும் அகற்றும்படி ஏறுபவரிடம் கூறுங்கள். ஒரு வளவில் நான்கு மரம் மட்டும் உள்ளோர் அயலவரோடு சேர்ந்து ஒரே நாளிற் பிடுங்குவித்தால், ஏறுபவர் வருவதும் எளிதாகும், கூலியும் குறையும்.

2. விழுவட்டம் குறித்தல்

காய் விழக்கூடிய இடத்தை விழுவட்டம் என்று கொள்வோம். பலர் மரத்தின் அடியைச் சுற்றியே இதனை எண்ணுகின்றனர். அது தவறு. கரையோரத் தென்னைகள் பெரும்பாலும் சாய்ந்து வளர்வன. காய் அடியிலிருந்து விழுவதில்லை, முடியிலிருந்தே விழுகின்றது. மேசன் பயன்படுத்தும் தூக்குநூலை, அல்லது கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கையிற் பிடித்துக்கொண்டு, மரத்துக்குச் சற்று அப்பால் நில்லுங்கள். நூல் மரமுடியின் நடுவை மறைக்கும்படி பார்த்தால், அது நிலத்தைத் தொடுமிடம் முடிக்கு நேர்கீழான கோட்டில் இருக்கும். வேறொரு பக்கத்திலிருந்தும் இவ்வாறு பாருங்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடமே விழுவட்டத்தின் நடு. ஓலையிலும் தண்டிலும் பட்டுத் தெறிப்பதையும் கருத்திற் கொண்டு, அந்நடுவிலிருந்து சுற்றிவரப் பன்னிரண்டு அடியைக் காய் விழும் இடமாகவும், இருபது அடியை மட்டை விழக்கூடிய இடமாகவும் கொள்க. பலமாகக் காற்று வீசும் நாளில் இவ்வெல்லைக்கு அப்பாலும் விழக்கூடும்.

3. வளவை ஒழுங்குபடுத்தல்

விழுவட்டத்துள் நடந்து செல்லலாம், தங்கலாகாது. குழந்தையின் ஏணை, முதியோரின் சாய்கதிரை, பிள்ளைகள் விளையாடும் மணல், மாடு கட்டும் கட்டை, துணி துவைக்கும் கல், வாங்கு ஆகியவற்றை அவ்வட்டத்துக்கு வெளியே மாற்றுங்கள். இதற்குச் செலவில்லை, ஒரு மாலை நேர வேலையே.

நெல் காயவைக்கும் நாட்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நெல்லை வெயிலில் பரப்பிவிட்டு, கோழியும் காகமும் வராமற் காக்கும் பெண்கள் அருகேயுள்ள நிழலில் அமர்வர். அந்நிழல் பெரும்பாலும் தென்னை நிழலே. நெல்லுக்குப் பாதுகாப்பு, காப்பவருக்கு இல்லை. வேம்பு, புளி முதலிய மரங்களின் நிழலையோ, சிறு பந்தர் ஒன்றின் நிழலையோ இதற்கு அமைத்துக் கொடுங்கள். வாவிக்கரையில் வலை பொத்துவோருக்கும் இதுவே பொருந்தும்.

கிணறு, மலசலகூடத்துக்குச் செல்லும் வழி, படலை ஆகியவற்றை எளிதில் மாற்ற முடியாது. அவற்றின் மேலே நிற்கும் மரங்களுக்கு அடையாளமிட்டு, அவற்றையே முதலிற் பிடுங்குவியுங்கள். பழைய மீன்வலையை மரமுடியின் கீழே கட்டிக் காயை ஏந்தலாம் எனச் சிலர் கருதுகின்றனர். வெயிலில் உக்கிய இழை பாரத்தைத் தாங்காது; பொய்யான தைரியத்தையே தரும்.

4. தென்னையின் கீழ் மரக்கறிச் செய்கை

தென்னைகளுக்கிடையே மரக்கறி பயிரிடுவோர் பாத்திகளை மரவரிசைகளின் நடுவிலே அமைத்தல் நன்று. 26 அடி இடைவெளியில் நடப்பட்ட தோட்டத்தில், இரு வரிசைகளுக்கும் நடுவேயுள்ள நிலம் மரத்தடியினும் அபாயம் குறைந்தது. தென்னை வேரின் போட்டியும் அங்கே குறைவு. நீர் இறைத்தல், களை பிடுங்கல் ஆகிய வேலைகள் குனிந்து செய்பவை. அவற்றின்போது மேலே என்ன நிகழ்கின்றதென்பது தெரியாது. காற்று வீசும் நேரத்தில் இவ்வேலைகளை நிறுத்திவிடுங்கள். வேலை தொடங்குமுன் மேலே ஒருமுறை பார்த்தலும், தொங்கும் மட்டையின் கீழே செல்லாதிருத்தலும் பழக்கமாதல் வேண்டும்.

5. பிடுங்கும்போது காக்கவேண்டியவை

ஏறுபவரின் உயிரும் உங்கள் பொறுப்பே. மழையில் நனைந்த மரத்திலும், பலத்த காற்றிலும் ஏறச் சொல்லாதீர்கள். தளநாரை ஏறுமுன் இழுத்துப் பார்க்க வேண்டும். குளவிக் கூடு உண்டா என்று கீழிருந்தே நோக்க வேண்டும். இந்தியத் தென்னை வளர்ச்சிச் சபை 2011ஆம் ஆண்டு தொடக்கம் இளைஞருக்கு ஏறுகருவி மூலம் மரமேறப் பயிற்சியும் காப்புறுதியும் அளித்து வந்துள்ளது. எம் ஊர்ச் சங்கங்களும் இத்தகைய கருவியொன்றைப் பொதுவில் வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்மை பயக்கும்.

நீண்ட தடியிற் சத்தகம் கட்டிக் கீழிருந்து பிடுங்குவோர் குலைக்கு நேர்கீழே நில்லாது பக்கத்தில் நின்று அறுத்தல் வேண்டும். மின்கம்பி அருகே செல்லும் மரத்தில் இம்முறையைக் கையாளவே கூடாது. ஈரத்தடியும் உலோகத்தடியும் மின்சாரத்தைக் கடத்தி உயிரைப் போக்கும். எம்முறையிற் பிடுங்கினும், பிள்ளைகளையும் மாடுகளையும் முப்பது அடிக்கு அப்பால் நிறுத்துங்கள். விழுந்த காய் நிலத்திற் பட்டுத் தெறித்தும் உருண்டும் வரும். மேலிருப்பவர் "முடிந்தது" என்று கூறுமுன் காய் பொறுக்க எவரும் உள்ளே செல்லலாகாது.

6. மரத்தின் நலம்

நலமுள்ள மரம் மட்டையையும் குலையையும் உறுதியாகத் தாங்கும். எழுவான்கரையின் மணல்நிலத்தில் போசணை எளிதிற் கழுவப்பட்டு விடுவதால், ஆண்டுதோறும் உரமும், உரவட்டத்துள் பொச்சு மூடுபடையும் இடுதல் வேண்டும். எலியைத் தடுக்க, ஆள் உயரத்துக்கு மேலே ஓரடிக்குக் குறையாத அகலமுள்ள தகரத்தைத் தண்டைச் சுற்றிப் பதித்துவிடலாம்; அம்மரத்தின் ஓலை வேறு மரத்தையோ கூரையையோ தொடாதிருத்தல் அவசியம்.

செவ்வண்டு குடைந்த மரம், இடி விழுந்து பட்ட மரம், தண்டில் பெரும் பொந்துள்ள மரம் ஆகியவை காயை மட்டுமன்றி முடியையே வீழ்த்தும். இவற்றைத் தாமதியாது அகற்றுதல் வேண்டும். வெட்டுமுன் அனுமதி தேவையா என்பதைக் கிராம சேவை அலுவலரிடம் கேட்டறிக. அயலவர் மரம் உங்கள் கூரைமேல் சாய்ந்திருப்பின், விபத்து நேர்ந்தபின் சண்டையிடுவதிலும், நேருமுன் சேர்ந்து பிடுங்குவிப்பது உறவுக்கும் உயிருக்கும் நல்லது.

ஒரு விபத்தின் பின்னர் சினங்கொண்டு நல்ல மரங்களையெல்லாம் தறித்துவிடுவோரும் உளர். ஆண்டுக்கு ஐம்பது அறுபது காய் தந்து, கிடுகும் விறகும் உதவும் மரத்தைத் தறித்தல் பரிகாரமன்று. குற்றம் மரத்தினுடையதன்று, பிடுங்காமையினுடையது.

7. புதிதாக நடுதல்

வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் இருபது அடிக்குள் நெட்டைத் தென்னை நடாதீர்கள். இன்று முழங்காலளவு நிற்கும் கன்று உங்கள் பேரப்பிள்ளையின் தலைமேல் அறுபது அடி உயர்ந்து நிற்கும். வீட்டருகே நட விரும்பின் குட்டைத் தென்னையைத் தெரிந்தெடுங்கள். அது விரைவிற் காய்க்கும். பல்லாண்டு வரை நிலத்தில் நின்றே பிடுங்கலாம். மகளுக்கு வீடு கட்ட இடம் குறிக்கும்போது, அத்திவாரத்துக்கு நூல் பிடிப்பதோடு தென்னைமுடிக்கும் நூல் பிடித்துப் பாருங்கள்.

அடிபட்டவருக்குச் செய்யவேண்டியவை

அடிபட்டவர் கிடக்கும் இடமும் விழுவட்டமே. உதவச் செல்வோர் முதலில் மேலே நோக்குதல் வேண்டும். அவரை அங்கிருந்து அகற்றவேண்டியிருப்பின், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி பலர் சேர்ந்து தூக்குக. உலுப்பி எழுப்பவோ, உட்காரவைக்கவோ கூடாது. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து மெல்ல அழுத்துக. மண்டையோடு பதிந்திருப்பதாகத் தோன்றினால் அவ்விடத்தை அழுத்தாது துணியால் மூடுக. காயத்திற் கோப்பித்தூள், சாம்பல் முதலியன இடலாகாது. குடிக்க எதுவும் கொடுக்கலாகாது. உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

அடிபட்டவர் எழுந்து நடந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று கூறினாலும் அவரைத் தனியே விடலாகாது. மண்டையோட்டினுள்ளே இரத்தம் மெல்லக் கசிந்து சில மணி நேரத்தின் பின்னரே உயிரை வாட்டத் தொடங்கலாம். ஒரு நாள் முழுவதும் அவரைக் கவனிக்க வேண்டும். வாந்தி, தீராத தலைவலி, மயக்கம், அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், இரு கண்மணிகளும் வேறு வேறு அளவாயிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. "தூங்கட்டும், விடியப் பார்ப்போம்" என்று விட்டமையால் இழக்கப்படும் உயிர்கள், காலத்திற் கொண்டு சென்றிருந்தாற் காப்பாற்றத்தக்கவை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாது காய் பிடுங்குவியுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன்னர் ஒருமுறை கட்டாயம்.
2. காய்ந்த மட்டையை அகற்றுங்கள்; குலை தாங்கும் பச்சை மட்டையை வெட்டாதீர்கள்.
3. மரத்தின் அடியை அன்று, முடியைப் பார்த்து விழுவட்டம் குறியுங்கள்.
4. ஏணை, வாங்கு, மாட்டுக் கொட்டில், விளையாட்டிடம் ஆகியவை அவ்வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.
5. பழக்கமற்றோரை மரத்தில் ஏற்றாதீர்கள். மின்கம்பியருகே தடி நீட்டாதீர்கள்.
6. தலையில் அடிபட்டவரை ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள்.

இதனை வாசித்து முடித்தவுடன் முற்றத்தில் இறங்கி உங்கள் மரங்களை ஒவ்வொன்றாக நோக்குங்கள். எந்த மரத்தின் கீழ்க்குலை நிறம் மாறியிருக்கின்றது, அதன் நேர்கீழே யார் அமர்வது வழக்கம் என்னும் இரண்டையும் அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை ஏறுபவரை அழைப்பதே. தேங்காய்க்கு உள்ள கண்கள் முளைப்பதற்கு. பார்ப்பதற்குரிய கண்கள் நமக்கே அளிக்கப்பட்டுள்ளன.